பழைய அம்பாசடரின் பிரேக்கும் வில்லும்

தெற்கிலிருந்து இரயிலேறி ஹௌராவில் வந்திறங்கும் மாணவனை முதலில் வரவேற்பது மஞ்சள் நிற அம்பாசடர் டாக்சிதான் என்று கூறும் காலம் ஒன்று இருந்தது. இன்று அவ்வண்டிகள் அருகி வருகின்றன. வாடகை வண்டிகளுக்குப் பதினைந்து ஆண்டு என வயது வரம்பு அமைந்ததாலும், 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் உத்தரபாடா தொழிற்சாலை அம்பாசடர் செய்வதை நிறுத்திவிட்டதாலும், இருப்பவை குறைகின்றனவேயன்றிப் புதியவை வருவதில்லை. எனினும் சொந்த வண்டியாக அதனைப் பேணி ஓட்டுவோர் இந்நகரில் இன்றும் பலர். பழைய வண்டியொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கிச் செப்பனிட்டு ஓட்டவேண்டும் என்ற ஆசை நம் மாணவர் சிலருக்கும் உண்டு. அத்தகையோர் முதலில் அறிய வேண்டுவது எஞ்சினைப் பற்றியன்று. வண்டி எவ்வாறு நிற்கிறது என்பதைப் பற்றியே.

அம்பாசடர், இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியின் வழிவந்தது. ஐம்பதுகளின் இறுதியில் ஹூக்ளிக் கரையிலுள்ள உத்தரபாடாவில் இந்துஸ்தான் மோட்டார் நிறுவனத்தார் இதனைச் செய்யத் தொடங்கினர். வண்டியின் உருவம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதிகம் மாறவில்லை. ஆனால் எஞ்சின் மாறியது. தொடக்கத்தில் சுமார் 1,500 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சின் இருந்தது. 1980ஐ ஒட்டி டீசல் எஞ்சின் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 1,800 கன சென்டிமீட்டர் இசுசு எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தன. பழைய வண்டியில் புதிய எஞ்சினை ஏற்றிக்கொண்டவர்கள் அநேகர். ஓடும் வலிமையைக் கூட்டிய இவர்களில் எத்தனை பேர் நிற்கும் வலிமையையும் கூட்டினார்கள் என்பதே கேள்வி.

வேகமும் தூரமும்

இதனைக் கணக்கால் பார்ப்போம். வண்டியின் எடை ஏறத்தாழ 1,150 கிலோ. நான்கு பேரும் மூட்டைகளும் சேர 1,450 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இவ்வண்டியிலுள்ள இயக்க ஆற்றல் சுமார் 50,000 ஜூல். வேகத்தை 60 ஆக்கினால் ஆற்றல் இரு மடங்காகாது. நான்கு மடங்காகி 2,00,000 ஜூல் ஆகிறது. ஏனெனில் இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடியைப் பொறுத்தது. பிரேக்கின் வேலை, இவ்வளவு ஆற்றலையும் உராய்வினால் வெப்பமாக்கிக் காற்றில் விடுவதே.

நல்ல பிரேக் ஒன்று வண்டியின் வேகத்தை நொடிக்கு நொடி 6 மீட்டர் வீதம் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 30இல் வரும் வண்டி 6 மீட்டருக்குள் நிற்கும். 60இல் வரும் வண்டிக்கு 23 மீட்டர் வேண்டும். ஓட்டுபவன் கண்டு காலை அழுத்துவதற்கு ஒரு நொடி ஆகுமானால், முறையே 8 மீட்டரும் 17 மீட்டரும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக மொத்தம் 14 மீட்டர், 40 மீட்டர். கல்லூரித் தெருவின் கூட்டத்தில் ஓட்டிப் பழகியவன் மேம்பாலத்தில் ஏறியதும் அதே பழக்கத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதை இவ்விரண்டு எண்களும் காட்டும்.

டிரம்மும் டிஸ்க்கும்

பழைய அம்பாசடரில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே உண்டு. சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தை, பிறை வடிவான இரு ஷூக்கள் விரிந்து அழுத்துகின்றன. முன்சக்கரத்தில் இரண்டு ஷூக்களும் சுழற்சியின் திசையிலேயே இழுக்கப்படுமாறு அமைந்துள்ளன. ஆதலால் டிரம்மின் சுழற்சியே ஷூவை மேலும் இறுக அழுத்த உதவுகிறது. ஓட்டுபவனின் காலுக்கு வேலை குறைகிறது. ஆனால் வண்டி பின்னோக்கி உருளும்போது இவ்வுதவி கிட்டாது. மேம்பாலச் சரிவில் பின்னே உருளும் பழைய வண்டி எளிதில் நிற்க மறுப்பதன் காரணம் இதுவே.

டிரம்முக்கு இரண்டு குறைகள் உண்டு. மூடிய பாத்திரம் போன்றதாகையால் வெப்பம் எளிதில் வெளியேறாது. சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். உராய்வுப் பட்டையின் பிடிப்பும் தளரும். அடுத்தடுத்துப் பலமுறை பிரேக் போட்டால் கால் ஆழமாக இறங்குவதும், வண்டி நிற்கத் தாமதிப்பதும் இதனால்தான். இரண்டாவது குறை நீர். ஆடி ஆவணி மழையில் முழங்கால் நீரில் வண்டியை ஓட்டிவந்தபின், உள்ளே புகுந்த நீர் வெளியேறும்வரை பிரேக் பிடிக்காது. நீரைக் கடந்ததும், மெதுவாகச் செல்லும்போதே பிரேக்கைச் சிறிது அழுத்தி உலர்த்திக்கொள்ளவேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் கூறுவது இதுபற்றியே.

டிஸ்க் பிரேக்கில் வட்டு காற்றில் திறந்து கிடக்கிறது. வெப்பம் விரைவில் அகலும். நீரும் சுழற்சியால் வீசியெறியப்படும். பிற்காலத்து அம்பாசடர்களில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. அவ்வுறுப்புகளைக் கழற்றிப் பழைய வண்டிக்குப் பொருத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. மல்லிக் பஜாரின் பழைய உறுப்புக் கடைகளில் இவற்றைத் தேடிச் செல்வோர் உண்டு.

ஆனால் டிஸ்க்கை மட்டும் மாற்றினால் போதாது. டிரம்முக்குள்ள இயல்பான இழுப்புதவி டிஸ்க்குக்கு இல்லை. எனவே எஞ்சினின் வெற்றிடத்தால் இயங்கும் பூஸ்டர் இல்லாவிடில் காலால் மிக வலுவாக அழுத்த நேரிடும். மேலும், டிரம்முக்கென அமைந்த மாஸ்டர் சிலிண்டரில் பெரும்பாலும் குழாயினுள் சிறு அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்கும் வால்வு ஒன்று உண்டு. அது டிஸ்க்குக்கு ஆகாது. காலை எடுத்தபின்னும் பேடு வட்டை உராய்ந்துகொண்டே சூடேறும். ஆகவே சிலிண்டரையும் சேர்த்தே மாற்றவேண்டும். அப்போது முன்பின் சக்கரங்களுக்குத் தனித்தனி வழியுள்ள இரட்டைச் சிலிண்டரைப் பொருத்துவதே அறிவுடைமை. பழைய வண்டியில் வழி ஒன்றே. ஒரு ரப்பர்க் குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களும் ஒருசேரக் கைவிட்டுவிடும்.

முன்னும் பின்னும்

பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. சக்கர அச்சுகளின் இடைவெளி 2.46 மீட்டர்; வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 0.6 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், மேற்சொன்ன பிரேக்கில் சுமார் 215 கிலோ பின்னிருந்து முன்னுக்கு மாறும். நின்றபோது சரிபாதியாக இருந்த பாரத்தில் இப்போது நூற்றுக்கு 65 பங்கு முன்சக்கரங்களின் மேல் நிற்கிறது. ஆகவே பின்சக்கரத்துக்கு வலிய பிரேக் கொடுப்பது தீங்கு. பாரம் குறைந்த பின்சக்கரம் முதலில் இறுகிச் சறுக்கினால் வண்டி பம்பரமாகச் சுழலும். முன்னே டிஸ்க்கும் பின்னே பழைய டிரம்முமாக வைப்பதில் சிக்கனம் மட்டுமன்று, காரணமும் உண்டு.

வில்லும் தணிப்பானும்

இனி வில்லைப் பார்ப்போம். அம்பாசடரின் முன்புறத்தில் உள்ளவை முறுக்குத் தண்டுகள். நீண்ட எஃகுத் தண்டு முறுக்கப்பட்டு மீள முயல்வதே அங்கு வில்லாகிறது. பின்புறத்தில் அடுக்கடுக்கான பட்டை வில்கள். வில் பாரத்தைத் தாங்கும். ஆனால் தாங்கிய ஆற்றலைத் திருப்பித் தந்துவிடும். அதனை உள்வாங்கி வெப்பமாக்குவது எண்ணெய் அடங்கிய தணிப்பான், அதாவது ஷாக் அப்சார்பர். பழைய வண்டிகளில் கைத்தண்டு போன்ற தணிப்பான் இருந்தது. அதன் எண்ணெய் கசிந்து வற்றினால் வண்டி தொட்டிலாடும். அதற்கு ஈடாகக் குழாய் வடிவத் தணிப்பானைப் பொருத்துவது நல்ல திருத்தம். அதனைத் தாங்கும் இரும்புப் பிடியை உறுதியாக அமைக்க வேண்டும்.

பலரும் செய்யும் பிழை ஒன்றுண்டு. வண்டியின் பின்புறம் தாழ்ந்துவிட்டதென்று பட்டைகளைக் கூட்டிப் போடுகிறார்கள். பாரத்தால் 15 சென்டிமீட்டர் அமிழும் வில்லின் மேலுள்ள வண்டி நொடிக்கு 1.3 முறை அசையும், 7.5 சென்டிமீட்டர் மட்டுமே அமிழுமாறு கடினப்படுத்தினால் 1.8 முறை அசையும். அமர்ந்தவரின் முதுகு நோவது ஒருபுறமிருக்க, டிராம் தண்டவாளத்தைக் கடக்கையில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். தரையைத் தொடாத சக்கரத்துக்கு எவ்வளவு உயர்ந்த பிரேக் இருந்தும் பயனில்லை. பிரேக்கையும் வில்லையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவதன் காரணம் இதுதான்.

எதை முதலில் செய்வது?

மாணவனின் பணப்பை சிறியது. ஆகவே வரிசை முக்கியம். முதலில் டயர்கள், பழுதான டயரின்மேல் எந்தத் திருத்தமும் நில்லாது. அடுத்து ரப்பர்க் குழாய்களும் சக்கரச் சிலிண்டர்களும். மூன்றாவது பிரேக் எண்ணெய். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். ஈரமேறினால் அவ்வரம்பு 140 பாகை வரை இறங்கிவிடக்கூடும். கொதித்து ஆவி புகுந்த குழாயில் காலழுத்தம் வீணாகும். கொல்கத்தாவின் ஈரக்காற்றில் இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றுவது நன்று. நான்காவது தணிப்பான். வண்டியின் ஒரு மூலையை அழுத்திக் கைவிட்டுப் பாருங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் நல்லது. தொடர்ந்து ஆடினால் தணிப்பான் தேய்ந்துவிட்டது. இவை யாவும் முடிந்தபின்னரே டிஸ்க்கைப் பற்றி எண்ணவேண்டும். எஞ்சினை வலுப்படுத்த விரும்புவோன் அதற்கும் பின்னரே அதை நினைக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். டிரம்மிலுள்ள தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக்கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அடுத்து, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறாகுமாறு வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பெரிய மாற்றம் எதையும் தொடங்குமுன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது கடமை.

வண்டியைச் செப்பனிட்டு முடித்ததும் நண்பர்களை ஏற்றிக்கொண்டு டயமண்ட் ஹார்பருக்குப் புறப்படுமுன், ஆளில்லாத திடலொன்றில் 30 கிலோமீட்டர் வேகத்தில் பத்துமுறை நிறுத்திப் பாருங்கள். நேராக நிற்கிறதா, ஒருபக்கம் இழுக்கிறதா, பத்தாவது முறையும் முதன்முறை போலவே நிற்கிறதா என்று கவனியுங்கள். அதில் தேறிய வண்டியில் நால்வரை அமரச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.