உயிருள்ள இரையும் உயிர் வதையும்

அல்லாஹ்வின் படைப்புகளில் அற்பமென்று தள்ளத்தக்கது ஒன்றுமில்லை. எறும்பின் பேச்சையும் சிலந்தியின் வீட்டையும் தன் திருமறையில் எடுத்துரைத்த நாயன், ஊர்வன பறப்பன யாவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்றும் அறிவித்திருக்கிறான்.

கூமாப்பட்டியிலிருந்து ஒரு தாயார் ஒரு மஸ்அலா கேட்டனுப்பியுள்ளார். "என் மூத்த மகன் கண்ணாடிப் பெட்டியில் பெரிய சிலந்தி ஒன்றை வளர்க்கிறான். கரப்பான் பூச்சிகளை உயிரோடு உள்ளே விடுகிறான். சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று கைகொட்டிப் பார்க்கிறார்கள். இது பாவமாகாதா ஹழ்ரத்?"

இது புதுமையான கேள்வியல்ல. 2021 ஜூலையில் போலந்து நாட்டிலிருந்து சென்னைக்கு வந்த அஞ்சல் பொதியொன்றில், சிறு குப்பிகளில் அடைத்த 107 உயிருள்ள சிலந்திகளைச் சுங்க அதிகாரிகள் கைப்பற்றினர். அது செல்லவிருந்தது நம் விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை முகவரிக்கே!

முதலில் வளர்ப்பதைப் பற்றி. சிறுவர் அபூ உமைர் வளர்த்த குருவி இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அன்போடு ஆறுதல் கூறினார்கள். ஏன் வளர்த்தாய் என்று கடியவில்லை. ஆனால் பூனையைக் கட்டிப்போட்டு, உணவளிக்காமலும், தானே இரைதேட விடாமலும் சாகடித்த பெண் நரகத்திற்குரியவளானாள் என்றும் எச்சரித்தார்கள். ஆக, அடைத்து வைத்தவன் மீது உணவளிப்பது கடமையாகிவிடுகிறது.

அடுத்து, உயிருள்ள இரை. நம் வீட்டுப் பெண்மக்கள் பழஞ்சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் முதலியவற்றைப் பானையிலிட்டு நீர் தெளித்து, கறையான் புற்றருகே இரவில் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்ததும் அதில் சேர்ந்த கறையானைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போடுவார்கள். இதை எவரும் வதையென்று சொல்வதில்லை. ஓர் உயிரின் ரிஜ்கை மற்றோர் உயிரில் அமைத்தவன் அல்லாஹ்வே. கரப்பானோ தீங்கு தரும் பூச்சி. அதைக் கொல்வதற்குத் தடையில்லை. எனவே தேவைக்காக அதை இரையாகக் கொடுப்பது ஆகும் என்பதே நாம் விளங்கும் முடிவு.

ஆனால் தேவை வேறு, வேடிக்கை வேறு. கோழியைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிய வாலிபர்களைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ளதை இலக்காக்குவோரை நபியவர்கள் சபித்ததாகக் கூறினார்கள். அறுக்கும்போதுகூட அழகிய முறையில் அறுத்து, பிராணிக்கு இலகுவாக்கும்படி ஏவிய மார்க்கம் இது. ஆகவே அந்த மகன் இவற்றைப் பேணட்டும்:

1. கொன்ற பூச்சியை முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். இவ்வகைச் சிலந்திகள் பல அதையும் ஏற்கும். ஏற்குமானால் உயிரோடு விடத் தேவையில்லை.

2. ஏற்காவிடில் பசிக்கு வேண்டியதை மட்டும் விட வேண்டும். வளர்ந்த சிலந்தி வாரக்கணக்கில் உண்ணாமல் இருக்கும். தின்னாத பூச்சியை எடுத்துவிட வேண்டும். தோலுரிக்கும் சிலந்தியை அந்தப் பூச்சியே கடித்துக் காயப்படுத்தலாம்.

3. கால்களைப் பிய்த்து விடுவதும், துடிப்பதைக் காட்சியாக்குவதும், அதைப் படமெடுத்துப் பரப்புவதும் கூடாது.

4. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டப்படி, உலக ஒப்பந்தப் பட்டியலிலுள்ள அயல்நாட்டுப் பிராணியை வைத்திருப்போர் பதிவு செய்தாக வேண்டும். கள்ளத்தனமாக வரவழைப்பது முஸ்லிமுக்கு அழகல்ல. வளர்க்க முடியாவிட்டால் வனத்துறையிடம் கேட்டு ஒப்படைக்கட்டும். பிளவக்கல் அணைப் பக்கத்துக் காட்டில் விட்டுவிடுவது அங்குள்ள உயிர்களுக்குக் கேடாகலாம்.

தாயே! தங்கள் மனம் நடுங்கியது ஈமானின் அடையாளம். சிலந்தியைவிடக் கைகொட்டும் அந்தப் பிஞ்சுகளைப் பற்றியே நாம் அஞ்ச வேண்டும். துடிப்பைக் கண்டு சிரித்துப் பழகிய உள்ளம், நாளை மனிதன் துடிக்கும்போதும் சிரிக்கும். அவர்களை அருகில் அமர்த்தி, தாகித்த நாய்க்கு நீர் புகட்டியதால் மன்னிக்கப்பட்டவரின் வரலாற்றைச் சொல்லிக் கொடுங்கள்.

இரக்கமுள்ள நெஞ்சை நம் பிள்ளைகளுக்கு வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.