சல்பேட் என்றாலே ஆசிட்டா?

பெரியபட்டினம் பக்கம் கிணற்றுத் தண்ணீர் பரிசோதனைத் தாள் ஒன்று வந்தால் போதும், கூடவே இந்தப் பேச்சும் வந்துவிடும்: "மெஷினே சல்பேட்டு ஏகத்துக்குக் காட்டிருச்சு, எவனோ ஆசிட்ட ஊத்திட்டான்!" ஐயா, தெற்கே கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். மன்னார் வளைகுடா என்று ஒன்று இருக்கிறது.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம் சல்பேட் உண்டு. குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரம் ஏற்பது 200. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 400 வரை போகலாம். கிணற்றில் பத்தில் ஒரு பங்கு கடல்நீர் புகுந்தாலே 270 வந்துவிடும். கூடவே குளோரைடும் 1,900ஐத் தாண்டும். அதே தாளில்தான் அதுவும் அச்சாகியிருக்கிறது, படிப்பவர்தான் இல்லை. குளோரைடைச் சல்பேட்டால் வகுத்துப் பாருங்கள். ஏழை ஒட்டி வந்தால் கடல்தான். வெகுவாகக் குறைந்தால் ஜிப்சமா, உரமா, கழிவா என்று விசாரிக்கலாம். ஆசிட் என்றால் பிஎச்சும் காரத்தன்மையும் இறங்கியிருக்க வேண்டாமா?

'மெஷினே' என்கிறார்களே, அந்தத் தானியங்கிக் கருவி சல்பேட்டை நேரே பார்ப்பதில்லை. பேரியம் குளோரைடும் மெத்தில்தைமால் புளூ சாயமும் சரிசமமாகச் சேர்க்கும். சல்பேட் பேரியத்தைப் பிடித்து வீழ்படிவாக்கும். மிஞ்சிய பேரியம் சாயத்தோடு சேர்ந்து நீலமாகும். சேராமல் நின்ற சாயத்தை ஒளியால் அளந்து கணக்குப் போடும். கால்சியமும் அந்தச் சாயத்தைப் பிடிக்கும் என்பதால் முதலில் ரெசின் வழியே தண்ணீரை விடுவார்கள். நம் கடின நீரில் ரெசின் சீக்கிரமே தீரும், ரீடிங் பிசகும். 300ஐத் தாண்டும் மாதிரியை நீர்த்துத்தான் ஓட்ட வேண்டும். ஓட்டியவரிடம் இதை யாராவது கேட்டீர்களா?

காற்றுத் தூசியைப் பிடித்துச் சோதிக்கும் வடிதாளிலும் இதே கூத்துதான். அலைத்திவலை சல்பேட்டைச் சுமந்துதான் வரும். வடிதாளில் சோடியம் எவ்வளவோ, அதில் கால் பங்கைச் சல்பேட்டிலிருந்து கழித்த பிறகு மிஞ்சுவதற்குப் புகைபோக்கியைக் கேளுங்கள்.

கொதிக்க வைத்தால் சல்பேட் போகாது, செறிவுதான் கூடும். அழுகிய முட்டை நாற்றம் சல்பேட்டுடையதல்ல, அதைத் தின்னும் பாக்டீரியா விடும் ஹைட்ரஜன் சல்பைடு. ஆர்ஓ விற்க வருபவர் முக்கி எடுக்கும் டிடிஎஸ் பேனா மின்கடத்தலைத்தான் அளக்கும். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது.

ஆசிட் ஊற்றியவனைத் தேடுகிறவர்கள் தங்கள் வீட்டு மோட்டாரைப் பார்ப்பதே இல்லை. கரை மணலுக்கடியில் மழைநீர் உப்புநீர்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நல்லதண்ணீர் நின்றால் கீழே நாற்பதடி நிற்கும் என்பது கணக்கு. ஓரடியை உறிஞ்சி இறக்கினால் உப்பு நாற்பதடி ஏறிவரும். கையால் ஊற்றுத் தோண்டி அகப்பையில் மொண்ட காலத்தில் அது ஏறவில்லை. மணலையும் அள்ளி, ஊருணிக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்காலையும் அடைத்துவிட்டுச் சல்பேட் தாளைத் தூக்கிக்கொண்டு அலைவானேன்? கிராமசபையில் முதலில் வரத்துக்காலைத் தூர்வாரக் கேளுங்கள்.