ஓடை நீரே நீரை உயர்த்தும்

கலவானப் பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. எனினும், ஓடை பள்ளத்திலும் லயம் மேட்டிலும் அமைந்த இடங்களில் நீர் பெண்டிர் தலைச்சுமையாகவே மேலேறுகின்றது. இச்சுமையைக் குறைக்கவல்ல எளிய பொறியொன்றுண்டு. வெப்பவாயுப் பலூன் கண்ட சகோதரருள் ஒருவரான யோசப் மொங்கோல்பியர் 1796 இல் தானே இயங்குமாறு அமைத்த நீர்த்தாக்குப் பம்பியே அது.

அதன் இயக்கத்தை நோக்குவோம். குழாய் வழியே இறங்கும் நீர் முதலில் கழிவு வால்வினூடாக வெளியேறும். விரைவு மிகுந்ததும் அதுவே அவ்வால்வை மூடிவிடும். தடைப்பட்ட நீரின் தாக்கம் ஒருவழி வால்வைத் திறந்து, சிறிதளவு நீரைக் காற்றறையுட் செலுத்தும். அங்கு அமுங்கிய காற்று அந்நீரை மேலே தள்ளும். அழுத்தம் தணியவே கழிவு வால்வு மீண்டும் திறக்கும்.

நிமிடத்துக்கு 50 லீற்றர் நீர் 2 மீற்றர் வீழ்கின்றதெனக் கொள்வோம். 20 மீற்றர் உயரத்துக்கு ஏற்றத்தக்கது கணக்கின்படி 5 லீற்றர். உராய்வு முதலியன போக 3 லீற்றர் கிடைப்பினும், நாளொன்றுக்கு 4,320 லீற்றராகும். எஞ்சிய நீர் ஓடைக்கே மீளும்.

இரும்புக் குழாய்கள், இரு வால்வுகள், காற்றறையாக ஒருமுனை அடைத்த குழாய்த்துண்டு ஆகியன போதும். நீர் இறங்கும் குழாய் மட்டும் தாக்கத்தைத் தாங்கும் வலிமையுடையதாதல் வேண்டும்.

சூரியசக்திப் பம்பி மேகமூட்டத்தில் தளரும். இதுவோ இரவிலும் இயங்கும். ஆயினும் கதிரவனுக்கும் பணியுண்டு. தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்ரிக் போத்தலில் நிரப்பி, நல்ல வெயிலில் 6 மணிநேரம் வைப்பின் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அழியும். மழைநாளிற் கொதிக்கவைத்தலே தக்கது.

கல்லூரியிற் கற்ற பௌதிகம் ஒரு குடத்தையேனும் இறக்கிவைக்குமாயின், அதுவே கல்வியின் பயனாகும்.