பின்னிருசை அறிதல்

பழைய பிக்கப் லொறியின் பின்னிருசைப் புதுக்கப் புகுவோன், முதலில் அஃது இன்னதென்று துணிதல் வேண்டும். வண்டியின் ஆண்டு மட்டும் சான்றாகாது. முன்னர் வைத்திருந்தவர் வேறோர் இருசைப் பூட்டியிருத்தல் கூடும்.

அமெரிக்காவின் செவ்ரோலே அரைத்தொன் வண்டிகளை எடுத்துக்கொள்வோம். 1970களின் நடுப்பகுதியில் அவற்றுட் சிலவற்றின் பின்மூடியில் 10 மரையாணிகளும், வேறு சிலவற்றில் 12 மரையாணிகளும் இருந்தன. முன்னதன் பெரிய பற்சில்லு 8.5 அங்குல விட்டமுடையது, பின்னதனுடையது 8.875 அங்குலம். ஒன்றன் பற்சில்லு மற்றொன்றிற் பொருந்தாது. போர்ட் நிறுவனம் 1957இல் கொணர்ந்த 9 அங்குல இருசுக்கோ பின்மூடியே இல்லை; பற்சில்லுத் தொகுதியை முன்புறமாகவே கழற்றுவர்.

அடுத்தது விகிதம். பெரிய சில்லில் 41 பற்களும் சிறியதில் 11 பற்களும் எனின், வகுக்க 3.73 வரும். விகிதம் மாறின் வேகமானியும் பொய்யுரைக்கும்.

ஆதலின் மாணவர்காள், ஆணியையும் பல்லையும் எண்ணிய பின்னரே பணத்தை எண்ணுங்கள்.