ஆராய்ச்சியா, டீச்சர் வேலையா?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். விண்மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசை. வீட்டில் டீச்சர் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். மலையூர்ப் பெண்ணுக்கு இதெல்லாம் நடக்குமா?
– ஒரு வாசகி, வெள்ளிமலை, கல்வராயன்மலை, கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: நிச்சயம் நடக்கும். படிப்பை முடிக்கும் ஆண்டில் ‘ஜெஸ்ட்’ நுழைவுத் தேர்வு எழுதுங்கள். பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்வில் சேர அது ஒரு வழி. மாதந்தோறும் உதவித்தொகை உண்டு, வீட்டுக்குப் பாரமில்லை. முதலில் பாடங்கள் படிப்பீர்கள், பிறகு ஆய்வு.

அந்த நிறுவனத்தின் காவலூர் வானாய்வகம் ஜவ்வாது மலையில் இருக்கிறது. உங்கள் கல்வராயனைப் போல அதுவும் கிழக்குத் தொடர்ச்சி மலைதான். அங்கே 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. ஒரு விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அதன் வெப்பநிலையும் அதிலுள்ள தனிமங்களும் தெரியவரும். இந்த வேலைக்குக் கணினி நிரல் அவசியம். இப்போதே பைத்தான் பழகுங்கள். கையா விண்கலம் அளந்த நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பயிற்சி செய்யலாம்.

ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் பகை இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு உச்சவரம்பு உண்டு என்று கணக்கிட்டார். 1983-இல் நோபல் பரிசு பெற்ற அவர், சிகாகோவில் ஏறத்தாழ 50 பேரின் முனைவர் ஆய்வுக்கு வழிகாட்டிய ஆசிரியரும்கூட. முனைவர் பட்டம் பெற்றால் கல்லூரியிலும் கற்பிக்கலாம் என்று வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் மலைப் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் ஆசிரியை தேவை.