தீயணைப்போர் முறைப்பணியும் தீபாவளியும்

தீ வருவதற்கு நேரங்காலம் இல்லை. ஆதலின், தீயணைப்பு நிலையத்தின் கதவு ஒரு வாரத்தின் 168 மணி நேரமும் திறந்தே இருத்தல் வேண்டும். ஆனால் அந்நிலையத்தில் பணிபுரிவோர் மனிதர். உண்ணவும் உறங்கவும், மனைவி மக்களோடு அளவளாவவும் வேண்டியவர். இவ்விரண்டையும் பொருத்துதற்கு வகுக்கப்படுவதே முறைப்பணி. ஆலைகளில் ஷிப்ட் என வழங்குவதும் அதுவே. அதனை நடுவுநிலை பிறழாது வகுப்பது எங்ஙனம் என ஆராய்தலே இவ்வியாசத்தின் நோக்கம். கணக்கைக் கண்டாற் காத தூரம் ஓடுவர் தமிழ் மாணவர் என்பது ஒரு பரிகாசம். ஈண்டு வேண்டுவன வகுத்தலும் மீதி காண்டலுமே யாகலின் வாசகர் அஞ்சற்க.

முறை வைத்துக் காத்தல் நம் முன்னோர்க்குப் புதிதன்று. முல்லைப்பாட்டில் நாழிகைக் கணக்கர் வருகின்றனர். மதுரைக்காஞ்சியில் நள்ளிரவில் ஊர்காப்பாளர் உலவுகின்றனர். நாளொன்றை மாலை, யாமம், வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு என ஆறு சிறுபொழுதாகப் பகுத்தனர் இலக்கண நூலார். ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அஃதாவது நான்கு மணி நேரம். இவற்றுள் வைகறையே காவலனுக்குக் கொடிய பொழுது. உடலின் வெப்பம் மிகக் குறைந்து, கண் தானே செருகுவது அப்பொழுதில்தான். எட்டெட்டு மணி நேரமாக முறை வகுப்போர், காலைமுறை, மாலைமுறை, இராமுறை என முன்னோக்கியே மாற்றிச் செல்லல் வேண்டும் என்பதும் இதனோடு ஒட்டியதே. நம் உடலினுள் அமைந்த கடிகாரம் 24 மணியினுஞ் சிறிது நீண்டது. ஆகவே, பிந்தி உறங்குதல் அதற்கு எளிது, முந்தி உறங்குதல் அரிது.

இனி, எத்தனை பிரிவு என்பதே முதற் கேள்வி. நிலையத்தாரை இரு பிரிவாக்கி ஒருநாள் விட்டு ஒருநாள் பணி தந்தால், ஒருவனுக்கு வாரத்திற்குச் சராசரி 84 மணி வரும். மூன்று பிரிவாக்கி, ஒருநாள் பணியும் இருநாள் ஓய்வும் தந்தால் 56. நான்கு பிரிவாயின் 42. இலண்டன் நகரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை என நான்கு பிரிவுகள் உள்ளன. இரு பகல், இரு இரவு, பின் நான்கு நாள் ஓய்வு என எட்டு நாளில் ஒரு சுற்று முடியும். அமெரிக்காவிற் பல நகரங்கள் மூன்று பிரிவே வைத்து, மணி மிகுந்துவிடாதபடி இடையிடையே ஒருநாளை விடுமுறையாகத் தள்ளிக் கொடுக்கின்றன. சிக்காகோ நகரத் தலைவராயிருந்த எட்வர்டு கெல்லியின் பெயரால் அதனைக் ‘கெல்லி நாள்’ என்பர். பிரிவு கூடக் கூட ஆட்கள் கூடுதலாக வேண்டும்; சம்பளமும் கூடும். எனவே, எத்தனை பிரிவு என்பதைக் கருவூலமே முடிவு செய்யும். நம் ஆராய்ச்சி அதற்கப்பாற் செல்வது.

இருபத்துநான்கு மணி நேரம் ஒருவனை இருத்துதல் கொடுமை யன்றோ எனின், ஆலைத் தொழிலுக்கு அது கொடுமையே. தீயணைப்பு நிலையத்திலோ பணியின் பெரும்பகுதி காத்திருத்தல். இரவில் நிலையத்திலேயே சாயலாம், மணி அடித்தால் எழவேண்டும். அன்றியும் நம் பக்கத்து நிலைமையையும் நோக்குதல் வேண்டும். 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடிவருகின்றது. இன்று அது செங்கற்பட்டு வரை செல்கின்றது. ஆயினும் நள்ளிரவுக்குப்பின் வைகறை வரை அதற்கும் ஓய்வு. கூடுவாஞ்சேரியிலோ சிங்கப்பெருமாள் கோவிலிலோ குடியிருக்கும் ஒருவனை இரவு பன்னிரண்டு மணிக்கு முறை மாறச் சொன்னால், அவன் தாம்பரம் நடைமேடையிலேதான் விடிய விடிய அமர்ந்திருப்பான். காகிதத்தில் எட்டு மணியாகத் தோன்றும் பணி, அவன் வீட்டாருக்குப் பன்னிரண்டாகவே தோன்றும். ஆகவே காலை எட்டு மணிக்கு ஒருமுறையே மாறும் 24 மணிப் பணியைப் பலர் தாமே விரும்புதலில் வியப்பில்லை.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை. ஓய்வு நாள் எல்லார்க்கும் எண்ணிக்கையில் ஒத்திருந்தாற் போதாது. பிள்ளைகள் பள்ளி செல்லாது வீட்டிலிருக்கும் நாளில் அவ்வோய்வு எத்தனை முறை வாய்க்கின்றது என்பதும் நியாயத்தின் பகுதியே. சுற்றின் நாள் தொகை 7-ஆக இருப்பின், ஞாயிற்றில் ஓய்வு பெறுவோரே என்றும் பெறுவர். மற்றையோர் என்றும் பெறார். சுற்றின் தொகைக்கும் ஏழுக்கும் பொது வகுஎண் இல்லாதிருத்தல் வேண்டும். மூன்று பிரிவாயின் 21 நாளில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு கிழமையும் ஒருமுறை வந்துவிடும். நான்காயின் 28 நாள். இலண்டனார் சுற்றுக்கு 56 நாள். இம்மட்டும் யாவும் செவ்வனே அமைகின்றன. பொதுவாக முறைப்பட்டியல் வரைவோர் இவ்விடத்தில் எழுதுகோலை மூடிவிடுவர்.

ஆயின், தீயணைப்போர்க்கு வாரத்தினும் பெரியது தீபாவளி. வாணங்களும் குடிசைக் கூரைகளும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் இரவு அது. ஊரார் இல்லத்தில் இருக்க, அவர்கள் நிலையத்தில் இருக்கும் நாள். அந்நாள் மூன்று பிரிவுக்கும் மாறிமாறி வருமா? பஞ்சாங்கத்தைக் கொண்டு எண்ணிப் பார்ப்போம். தமிழ்நாட்டில் தீபாவளி கொண்டாடப்பட்ட நாள்கள்: 2021-இல் நவம்பர் 4, 2022-இல் அக்டோபர் 24, 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. 2026-க்கு உரியது நவம்பர் 8. இவற்றின் இடைநாள்களை எண்ணினால் முறையே 354, 384, 354, 354, 384 ஆகும். இவ்வெண்கள் எல்லாம் மூன்றால் மீதியின்றி வகுபடுவன!

பொருள் யாதெனில், 2021-ஆம் ஆண்டுத் தீபாவளியன்று முதற்பிரிவு பணியிலிருந்து, அம்முறை இடையறாது நடந்திருக்குமாயின், ஆறு தீபாவளிக்கும் முதற்பிரிவே பணியிலிருக்கும். இரண்டாம் மூன்றாம் பிரிவினர் ஆறாண்டும் இல்லத்தில் எண்ணெய் தேய்த்துக்கொள்வர். இஃது எவருடைய வஞ்சனையும் அன்று, நிலவின் செயல். நம் தீபாவளி ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியைப் பற்றியது. பன்னிரண்டு நிலாத் திங்கள் ஏறத்தாழ 354 நாள். பதின்மூன்று ஏறத்தாழ 384. எப்பொழுதேனும் ஒருநாள் ஏறிக் குறைந்தாலன்றி முறை நகராது; 2020-இலிருந்து 2021 வரை 355 நாளானமையால் அவ்வாண்டு நகர்ந்திருக்கும்.

மேற்கண்ட எண்கள் இரண்டாலும் வகுபடுவனவே. ஆகவே இரு பிரிவு முறையும் இக்குற்றத்திற்குத் தப்பாது. ஒருநாள் பணியும் மூன்றுநாள் ஓய்வுமாக நான்கு பிரிவு வைத்தாலும் உய்வில்லை: 2021-இல் முதற்பிரிவு, 2022, 2023-இல் மூன்றாவது, 2024-இல் மீண்டும் முதலாவது, 2025, 2026-இல் மூன்றாவது. இரண்டாம் நான்காம் பிரிவினர்க்கு ஒருமுறையேனும் இல்லை. கிறிஸ்துமஸும் பொங்கலும் ஞாயிற்றாண்டைப் பற்றியனவாதலின் இவ்வளவு பிடிவாதம் செய்யா. மூன்று பிரிவில், 2025 கிறிஸ்துமஸ் முதற்பிரிவுக்காயின், 2026 மூன்றாம் பிரிவுக்கும் 2027 இரண்டாம் பிரிவுக்கும் ஆகும். 2028 மிகுநாள் ஆண்டாதலின் அடுத்தும் இரண்டாம் பிரிவுக்கே. ரம்ஜானோ 354 அல்லது 355 நாளுக்கொருமுறை வருவதாகலின் தீபாவளியின் குணத்தையே பெரிதும் உடையது.

இதற்குப் பரிகாரம் என்ன? அன்றாட முறையைக் குலைக்க வேண்டுவதில்லை. பண்டிகை நாள்களை மட்டும் தனியே ஓர் ஏட்டில் எழுதி, ஒவ்வொரு பண்டிகைக்கும் தனி வரிசை வைத்தல் வேண்டும். அவ்வரிசைப்படி வரவேண்டிய பிரிவும் அன்றாட முறைப்படி வந்த பிரிவும் வெவ்வேறாயின், அவ்விரண்டும் ஒருநாளை மாற்றிக்கொள்க. வரவேண்டியது மறுநாட் பிரிவாயின் மறுநாளோடும், முன்னாட் பிரிவாயின் முன்னாளோடும் மாற்றல் வேண்டும். இவ்வாறு செய்தால் எவரும் தொடர்ந்து 48 மணி இருக்க நேராது. இரு பிரிவினர்க்கு ஒருமுறை மட்டும் இருநாள் ஓய்வு ஒருநாளாகச் சுருங்கும். தாளில் வரைந்து பார்ப்பார்க்கு இது விளங்கும். பட்டியலை ஜனவரியிலேயே சுவரில் ஒட்டிவிடின் ஊர் செல்வோர் ரயிலில் இடம் பதிவு செய்யவும் கூடும்.

சமயம் வேறானவர் தம்முள் நாளை மாற்றிக்கொண்டால் போதாதா என்று வினவலாம். கிறிஸ்தவர் தீபாவளியன்றும், இந்துக்கள் கிறிஸ்துமஸன்றும் பணி பார்ப்பது அன்பின் செயலே. ஆயினும் அதனையே விதியாக்கல் தகாது. பதினைவர் உள்ள நிலையத்தில் கிறிஸ்தவன் ஒருவனே யாயின், முதலாண்டில் அவன் அளித்த உதவி மூன்றாம் ஆண்டில் அவன் கடமையாகிவிடும். பண்டிகை அவனுக்கில்லாவிடினும் தெருவிலுள்ள பிள்ளைகளோடு அவன் பிள்ளையும் அன்று வாணம் கொளுத்தக் காத்திருக்குமன்றோ? மாற்றம் ஆண்டுதோறும் புதிதாகக் கேட்டுப் பெறப்படல் வேண்டும். ஏட்டிலும் அவன் கணக்கில் ஒருநாள் வரவு வைக்கப்படல் வேண்டும்.

பட்டியலை எரித்துவிடும் தீயும் உண்டு. 2017-ஆம் ஆண்டு மே 31-இல் தியாகராய நகரில் சென்னை சில்க்ஸ் கட்டடத்திற் பற்றிய தீ மறுநாளும் எரிந்தது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-இல் பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்த பெருங்குடிக் குப்பை மேட்டிற் பற்றியது பல நாள் புகைந்தது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் நின்றபோது தீயணைப்போர்க்குத் தீயே இல்லை, படகே இருந்தது. தீபாவளியன்றுங்கூடக் கூடுதல் வண்டிகளும் ஆட்களும் ஆயத்தமாக நிறுத்தப்படுவது வழக்கம். இத்தகைய நாளில் ஓய்விலிருப்போரையும் அழைக்கத்தான் வேண்டும். அப்பொழுது இரண்டு செய்திகளை ஏட்டில் எழுதுதல் வேண்டும்: எவர் எத்தனை மணி மிகுதியாக இருந்தார் என்பதும், முதலில் வீடு செல்லத்தக்கார் எவர் என்பதும். பின்னதனைத் தீயின் முன் நின்றுகொண்டு முடிவு செய்தால், அதிகாரிக்கு அணுக்கமானவனே முதற் பேருந்தைப் பிடிப்பான். சென்ற முறை கடைசியாகச் சென்றவன் இம்முறை முதலில் செல்வான் என்று முன்னரே எழுதியிருப்பின், அவன் பெயரைப் படித்தாற் போதும்.