கடற்கரையில் ஒரு வகுப்பு

ஆரம்பப் பள்ளிச் சிறுவர்க்கு அறிவியலைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதுமா? போதாது என்பதை மண்டபம் கடற்கரையில் கழிந்த ஒரு நாள் எனக்கு உணர்த்திற்று. ஐந்தாம் வகுப்பு மாணவர் இருபது பேரை அழைத்துச் செல்லும் பொறுப்பு, விலங்கியல் மாணவர்களாகிய எங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

பௌர்ணமிக்கு மறுநாளைத் தேர்ந்தெடுத்தோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் சந்திரனும் பூமியோடு ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் நிற்பதால், ஓதத்தின் ஏற்றமும் வற்றமும் மிகுதி. நீர் வற்றும்போது கரையோரக் கற்கள் வெளிப்படும். நூற்கயிறு, அளவுகோல், உருப்பெருக்கிக் கண்ணாடி, வெள்ளைப் பீங்கான் தட்டு ஆகியவையே எங்கள் கருவிகள். நால்வர் கொண்ட ஒவ்வொரு குழுவும் ஒரு மீட்டர் சதுரத்தைக் கயிற்றால் வளைத்து, அதனுள் காணும் உயிர்களை எண்ணி எழுதவேண்டும்.

அடுத்து, "காலிச் சங்குகளைப் பொறுக்கி வாருங்கள்" என்றேன். அங்கேதான் தவறினேன். கைநிறையக் கொண்டுவந்து தட்டில் கொட்டிய சிறுமி ஒருத்தி, "அண்ணே, இது காலி இல்லே, உள்ளே ஆள் இருக்கு!" என்று கூவினாள். சங்கிலிருந்து கால்கள் நீண்டன. துறவி நண்டு!

"துறவிக்கு எதுக்கண்ணே வீடு?" என்றான் ஒரு சிறுவன். எல்லோரும் சிரித்தோம். பின் விளக்கினேன். இந்நண்டின் வயிற்றுப் பகுதிக்குக் கெட்டியான ஓடு இல்லை. இறந்த நத்தையின் கூட்டுக்குள் அதைச் சுருட்டி வைத்துத் தன்னைக் காத்துக் கொள்கிறது. உடல் வளர வளரப் பெரிய கூடு தேடிக் குடிபெயர்கிறது.

"அப்போ காலிச் சங்கை நாம எடுத்துட்டுப் போனா, அது எங்கே போகும்?" என்றாள் அச்சிறுமி.

உடனே விடை கூற இயலவில்லை. வீட்டு அலமாரியில் நான் ஆசையோடு அடுக்கி வைத்திருக்கும் சங்குகள் நினைவுக்கு வந்தன.

பொறுக்கியவற்றை எல்லாம் எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். புரட்டிய கற்களைப் பழையபடியே கவிழ்த்தோம். குறிப்பேடுகளில் வரைந்த படங்கள் மட்டுமே எங்களுடன் திரும்பின.

இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றைக் காக்கச் சட்டம் உண்டு. கரையில் கிடக்கும் காலிச் சங்கைக் காக்க வேண்டியவர்கள் நாம்தாம். நண்பர்களே, அடுத்த முறை சங்கெடுக்கக் குனியும்போது அச்சிறுமியின் கேள்வியை நினைவில் கொள்ளுங்கள்.